ஷாத்தோவின் பெயர் கடைசியில்: சிங்கப்பூரில் பிரெஞ்சு சிவப்பு ஒயின் வாங்கிச் சேமிக்க

நல்ல பிரெஞ்சு சிவப்பு ஒயினை வாங்கி, பத்துப் பதினைந்து ஆண்டு வைத்திருந்து குடிக்க வேண்டும் என்ற ஆசை சிங்கப்பூரில் ஒருவருக்கு வந்தால், அவர் உடனே "எந்த ஷாத்தோ நல்லது?" என்று, அதாவது எந்த ஒயின் தோட்டத்தின் பெயர் நல்லது என்று, விசாரிக்கத் தொடங்குகிறார். நான் அவரிடம் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்தப் போத்தல் இதுவரை எவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது? இனி எங்கே படுத்திருக்கப் போகிறது? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு சுவைத்துப் பார்க்கலாம். சுவை பிடித்த பிறகு பெயருக்கும் விலைக்கும் வரலாம்.

இப்படிப் பேசுவதற்குக் காரணம் என் பிழைப்பு. குளிரூட்டப்பட்ட கொள்கலன்களின் வெப்பநிலைப் பதிவுகளைச் சரிபார்ப்பதுதான் துறைமுகத்தில் என் வேலை. இறால், மருந்து, பாலாடைக்கட்டி, பூ, கூடவே ஒயின். எந்த நாளில் எத்தனை மணிக்கு மின்சாரம் நின்றது, எப்போது திரும்பியது, இடையில் உள்ளே எத்தனை டிகிரி ஏறியது என்பதெல்லாம் அந்தப் பதிவில் கோடாக ஏறி இறங்கிக் கிடக்கும். போத்தலின் லேபிளில் தங்க எழுத்தும் கோட்டை வாசலும் இருக்கும். இந்தக் கோடு இருக்காது.

வந்த வழி

பிரான்ஸிலிருந்து கப்பலேறும் ஒயின் சூயஸ் வழியாக வந்தால் செங்கடல் வெயிலைக் கடக்க வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு ஏராளமான சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. அந்த வழி இன்னும் நீளம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். சாதாரண இரும்புக் கொள்கலன் மேல்தளத்தில் வெயில் காய்ந்தால் உள்ளே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஒயின் நிம்மதியாக இருக்கும் வெப்பம் 12 முதல் 14 டிகிரி. ஆகவே நல்ல இறக்குமதியாளர்கள் 'ரீஃபர்' எனப்படும் குளிரூட்டிய கொள்கலனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, விலையைக் குறைத்துப் போடுகிறார்கள். ஒரே ஷாத்தோ, ஒரே ஆண்டு, பக்கத்துக் கடையில் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைவு என்றால் நான் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவேன்.

சூடானால் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளுகிறது. கொஞ்சம் கசிகிறது. ஆறும்போது சுருங்கி, கசிந்த வழியாகவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு எத்தனை குளிரில் வைத்தாலும் அந்த ஒயின் பழைய நிலைக்குத் திரும்பாது.

கடையில் போத்தலைக் கையில் எடுத்ததும் லேபிளைப் படிக்காதீர்கள். கட்டைவிரலைத் தக்கையை மூடியிருக்கும் மேலுறைத் தகட்டின் உச்சியில் வைத்து மெல்லத் தடவுங்கள். சமதளமாகவோ ஒரு மயிரிழை உள்வாங்கியோ இருந்தால் சரி. நடுவில் மேடு தட்டுப்பட்டால் தக்கை எழும்பியிருக்கிறது; வைத்துவிட்டு நகருங்கள். அடுத்து, தகட்டின் கீழ் விளிம்பில் விரல் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் ஒயின் கசிந்து காய்ந்திருக்கிறது. பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒயின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்து ஆண்டுக்குள்ளான போத்தலில் அது கழுத்துக்குள் நிற்க வேண்டும். அதே அலமாரியில் அதே ஒயின் ஆறு போத்தல் இருந்து, ஒன்றில் மட்டும் விரற்கடை குறைந்திருந்தால் அந்த ஒன்றைத் தொடாதீர்கள். ஐம்பது வயதுப் போத்தல் தோள்பட்டை வரை இறங்கியிருப்பது வேறு கதை, அது முதுமை.

போத்தல் நின்றுகொண்டிருக்கிறதா, படுத்திருக்கிறதா? தலைக்கு நேர் மேலே விளக்கு எரிகிறதா? சன்னலோரக் காட்சிப் பெட்டியில் இருப்பதைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் சேமிக்க எடுக்காதீர்கள். இன்னொரு கேள்வி, கடைத்தொகுதிகளில் இயங்கும் கடைகளிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: இரவு கடை அடைத்த பிறகு குளிர்சாதனம் ஓடுமா? பகலில் 22 டிகிரி, இரவில் 29 டிகிரி என்று மாதக்கணக்கில் ஏறி இறங்கும் ஒயினைவிட, ஓயாமல் 20 டிகிரியில் இருந்த ஒயின் மேல்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல வணிகர் கோபப்பட மாட்டார். எப்போது வந்தது, எப்படி வந்தது, எந்தக் கிடங்கில் இருந்தது என்று சொல்லிவிடுவார். "அக்கா, இதெல்லாம் யார் கேட்கிறார்கள்?" என்று சிரித்த இளைஞர் ஒருவர் உண்டு. நான் கேட்கிறேன் தம்பி, என்றேன். அவர் முதலாளியைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்துச் சொன்னார். அந்தக் கடையில் இன்றும் வாங்குகிறேன்.

சுவைப்பது

சுவைக்கப் போகிற நாளில் மதியம் சம்பால் அள்ளிப் போட்ட நாசி லெமாக் வேண்டாம். வாசனைத் திரவியம் வேண்டாம். தலையில் மல்லிகைச் சரமும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமில்லாமல் பக்கத்தில் நிற்பவருக்கும் எல்லா ஒயினும் மல்லிகை மணக்கும். வீட்டில் சுவைப்பதானால் சாம்பிராணி போட்ட மாலையைத் தவிர்த்துவிடுங்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது, கல் சுவர் வீட்டில் 17 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு. நம் வீட்டு அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும், ஒயின் தளர்ந்துபோய் இருக்கும். குளிர்பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். மிகையாகக் குளிர்ந்தாலும் வம்பு: மணம் அடங்கிவிடும், துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றித் தந்தால், கிளாஸைக் கையில் பொத்திப் பிடித்துக் கொஞ்சம் காத்திருங்கள்.

நீண்ட நாள் வைக்கும் ஒயினில் முதலில் பழக வேண்டியது துவர்ப்பு. அதற்குக் காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ கோசோங் வாங்குங்கள். சர்க்கரை, பால் எதுவும் இல்லாத கடுந்தேநீர். ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கை ஈறின் மேல் ஓட்டுங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கிறதல்லவா? ஒயினில் அந்த வேலையைச் செய்வது திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்தும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் இறங்கும் டானின். அறுசுவையில் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணி வாழைப்பூவும் நாவற்பழமும் தின்று வளர்ந்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை.

ஒரு கிளாஸை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள ஒயின் வட்டாரமான போர்தோவின் சான்தெஸ்தெஃப் பகுதி, 2016 அறுவடை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஒயின் மெலிந்து முடிகிற விளிம்பைப் பாருங்கள். இளம் ஒயினில் அந்த விளிம்பு கத்தரிப்பூ நிறம் காட்டும். வயது ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். பத்து வயதைச் சுற்றியுள்ள இந்த 2016இல் உட்புறம் அடர்சிவப்பும் விளிம்பில் இலேசான செங்கல் சாயலும் இருந்தால் இயல்பு. நான்கு வயது ஒயினின் விளிம்பு பழுப்பாக இருந்தால் அது வெயிலில் வயதாகியிருக்கிறது.

கிளாஸைச் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். இந்த முதல் முகர்தல் குறை கண்டுபிடிக்கத்தான். மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை அது. உடம்புக்குக் கேடில்லை, ஆனால் ஒயின் போய்விட்டது. எத்தனை மணி நேரம் காற்றோட்டமாக வைத்தாலும் அந்த வாடை போகாது. கடையில் வாங்கிய போத்தலானால், மீதத்தைக் கொட்டாமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோங்கள். நேர்மையான கடைகள் மாற்றித் தருகின்றன. காய்ச்சிய ஜாம், உலர் திராட்சை மணம் மட்டும் வந்து, புதுப் பழத்தின் மணம் துளியும் இல்லையென்றால் சூடு பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது சுழற்றுங்கள். கபெர்னே சோவிஞோன் திராட்சை தூக்கலாக இருக்கும் ஒயினில் பிளாக்கரன்ட் பழ மணம் வரும். அந்தப் பழத்தைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் அனைவரும் ரிபேனா பழபானம் குடித்திருக்கிறார்கள். அந்தப் பழம்தான் இது. அடுத்து தேவதாரு மரம், சீவிய பென்சில், புகையிலை. பச்சைக் குடைமிளகாய் மணம் மெல்ல எட்டிப்பார்த்தால் தவறில்லை. அதுவே முன்னால் வந்து நின்றால் திராட்சை பழுக்காமல் பறிக்கப்பட்டிருக்கிறது, காலம் அதைச் சரிசெய்யாது.

வாயில் ஒரு மடக்கு. உடனே விழுங்காமல் பத்து விநாடி வைத்திருங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். சத்தம் வரும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு இழுத்தால் டானின். தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால். இவை மூன்றும் எலும்புகள். இவற்றுக்கு நடுவே பழம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துப்பிவிட்டு எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் மறைந்தால் அது இன்றைக்குக் குடிக்க வேண்டிய ஒயின். பதினைந்து, இருபது வரை பழமும் வாசனையும் நின்றால் அதை வைக்கலாம். கூச்சப்படாமல் துப்புங்கள். ஆறு ஒயினை விழுங்கியவர் ஏழாவதைப் பற்றிச் சொல்வதை நான் நம்புவதில்லை.

விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்: "இப்போது கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், வைத்திருந்தால் பக்குவமாகிவிடும்." பாதி உண்மை. ஆண்டுகள் போகப் போக டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, வண்டலாக அடியில் படிகின்றன. அதனால் துவர்ப்பு மென்மையாகும், நிறம் வெளிறும், பழ மணம் தோல், காய்ந்த இலை, காளான் என்று மாறும். ஆனால் காலத்தால் கழிக்கத்தான் முடியும். இன்று பழமே இல்லாமல் துவர்ப்பு மட்டும் நிற்கும் ஒயின், பத்தாண்டு கழித்துத் துவர்ப்பும் இல்லாமல் நிற்கும்.

கடையில் கொடுக்கும் ஒரு வாயில் இதைத் தீர்மானிக்க முடியாது. ஒரே ஒரு போத்தல் வாங்கி வாருங்கள். முதல் நாள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, தக்கையைத் திருப்பி அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஒரு கிளாஸ், அதற்கு மறுநாள் இன்னொன்று; ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து 17 டிகிரி பக்கம் வந்த பிறகு. இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருந்தால் அந்த ஒயினுக்கு ஆயுள் இருக்கிறது, போய் ஆறு போத்தல் வாங்குங்கள். இரண்டாம் நாளே தட்டையாகிவிட்டால் ஒரு போத்தலோடு போயிற்று. 95 புள்ளி, 97 புள்ளி என்று கழுத்தில் தொங்கும் அட்டையைவிட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். அந்தப் புள்ளி விமர்சகர் அன்று சுவைத்த போத்தலுக்கு. உங்கள் கையில் இருப்பது அதற்குப் பிறகு பாதி உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

எதை வாங்குவது

முதலில் வரிக் கணக்கு. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை, அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லிலிட்டர் போத்தலில் 13.5 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் தீர்வை ஏறக்குறைய 8 வெள்ளி 90 காசு. அதன் மேல் 2024 தொடக்கத்திலிருந்து 9 விழுக்காடு பொருள், சேவை வரி. தீர்வை விலையைப் பார்ப்பதில்லை: 30 வெள்ளி ஒயினுக்கும் 300 வெள்ளி ஒயினுக்கும் ஒரே தொகைதான். 30 வெள்ளிப் போத்தலில் தீர்வை, கப்பல் கூலி, கடை வாடகை எல்லாம் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். அதைச் சேமித்து வைத்துப் பயனில்லை, இந்த வாரமே குடித்துவிடுங்கள். சேமிப்புக்கு நான் பார்ப்பது 60 முதல் 120 வெள்ளி வரை. அதற்கு மேல் போனால் பெயருக்குக் கொடுக்கும் பங்கு வேகமாக ஏறுகிறது.

வெளிநாடு போய்வரும்போது 18 வயது நிறைந்த பயணி தீர்வையில்லாமல் 2 லிட்டர் ஒயின் கொண்டுவரலாம். அதாவது வழக்கமான அளவில் இரண்டு போத்தல். 48 மணி நேரமாவது வெளியில் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் சலுகை கிடையாது. ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேமிப்புக்கென்று தொடங்குபவருக்குப் போர்தோவில் ஆற்றின் இடக்கரைதான் வசதி. மெதோக் பகுதியின் சரளைக்கல் மண்ணில் கபெர்னே சோவிஞோன் நன்றாக விளைகிறது. சான்தெஸ்தெஃப், போயாக், சான் ஜூலியான், மார்கோ ஆகிய ஊர்ப் பெயர்களை லேபிளில் பார்ப்பீர்கள். இங்கேதான் 1855 தரவரிசை குறுக்கே வரும். பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்தோ தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்து ஷாத்தோக்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு உரிமையாளர்கள் மாறினார்கள், தோட்டங்கள் விரிந்தன, சுருங்கின. பட்டியல் கிட்டத்தட்ட அசையவில்லை. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற ஷாத்தோ இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான் அதில் நடந்த பெரிய மாற்றம். முதல் தர ஐந்தையும் மறந்துவிடுங்கள், அவற்றின் விலைக்கு நல்ல குளிர்பெட்டியே வாங்கலாம். ஐந்தாம் தரத்திலும் பட்டியலுக்கு வெளியேயும் தேடுங்கள். சோசியாந்தோ மலே 1855 பட்டியலில் இல்லாத ஷாத்தோ. அதன் ஒயின் இருபது ஆண்டுகளை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். மெதோக்கில் மூலி பகுதியின் ஷாஸ் ஸ்ப்ளீன் என்ற ஷாத்தோவும் பட்டியலில் இல்லை, நன்றாக முதிரும். பெரிய ஷாத்தோக்களின் 'இரண்டாம் ஒயின்' என்று விற்பவை சீக்கிரம் குடிப்பதற்கென்று செய்யப்படுபவை. பெயரின் ஒரு துண்டு லேபிளில் இருக்கிறதே என்று அவற்றைச் சேமிக்காதீர்கள்.

ஆண்டுகளில் 2010, 2016 இரண்டும் நீண்ட நாள் வைக்கத் தகுந்தவை: புளிப்பும் டானினும் பழமும் ஒருசேர அமைந்தவை. 2009 வெயில் ஆண்டு, தொடக்கத்திலேயே இனிமையாக இருந்தது. 2019, 2020 இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. 2013 குளிரும் மழையுமாகப் போன ஆண்டு, விலை குறைவாக இருந்தாலும் சேமிக்க வேண்டாம். 2021 குளிர்ச்சியான, மெலிந்த ஆண்டு; முன்னதாகவே குடிக்கலாம்.

வலக்கரையில், சான்தெமிலியோன், பொமெரோல் பகுதிகளில், மெர்லோ திராட்சை. பொதுவாக மென்மை, சீக்கிரம் இணக்கமாகும். துவர்ப்பு பிடிக்காதவர்கள் அங்கே தொடங்கலாம்.

என் சொந்தப் பணம் அதிகம் போவது ரோன் பள்ளத்தாக்குக்கு. வடக்கே சிரா திராட்சை. எர்மிதாஜ் குன்றின் ஒயின் விலை ஏறிவிட்டது. கோர்னாஸ் ஊரின் ஒயின் இன்னும் ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இளமையில் கறுத்து, மிளகு மணத்தோடு முறைத்துக்கொண்டிருக்கும், பத்து ஆண்டில் பேசத் தொடங்கும். பிரான்ஸின் தெற்குக் கடற்கரையிலுள்ள பந்தோல் பகுதி பலருக்குத் தெரியாது. அங்கே மூர்வெத்ர் திராட்சை பாதியாவது இருக்க வேண்டும், ஒயின் மரப் பீப்பாயில் 18 மாதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. தென்மேற்கின் மதிரான் பகுதியில் தன்னா என்ற திராட்சை. துவர்ப்பில் அதற்குப் போட்டியாளர்கள் குறைவு, விலையும் அடக்கம். பர்கண்டியைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே விளையும் பினோ நுவார் திராட்சையின் அழகை நான் மறுக்கவில்லை, ஆனால் மிகவும் மெல்லியது, சூட்டைத் தாங்காது, என் சம்பளமும் அதைத் தாங்காது.

எதை வாங்கினாலும் லேபிளில் 'மீஸ் ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' என்ற வரியைத் தேடுங்கள். தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தது என்று பொருள். 'ஷாத்தோ' இருக்கும் இடத்தில் 'தொமேன்' என்றிருந்தாலும் சரிதான்.

'ஆன் பிரிமர்' என்று ஒரு முறை உண்டு. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டிவிட வேண்டும். போத்தல் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். இடையில் வணிகர் கடையை மூடினால் பணம் போயிற்று. பிறகு கிடைப்பதற்கு அரிதான ஒயின், பெரிய அளவுப் போத்தல் போன்றவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும்.

என் அக்காள் மகனுக்கு 2022இல் பெண் பிறந்தாள். "சித்தி, பிள்ளைக்கு 21 வயதாகும்போது திறக்க ஒன்று வாங்கித் தாருங்கள்" என்றான். நல்ல ஆண்டில் பிறந்திருக்கிறாள். போர்தோவில் 2022 வறட்சியும் வெயிலுமாக இருந்தும் பாராட்டுப் பெற்ற அறுவடை. 1.5 லிட்டர் 'மேக்னம்' வாங்கச் சொன்னேன். பெரிய போத்தலில் ஒயின் அளவோடு ஒப்பிட்டால் உள்ளே புகும் காற்று குறைவு, மெதுவாக முதிரும். எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, சமையலறையில் குளிர்பெட்டிக்கு மேலுள்ள அலமாரியில் என்றான். "கண்ணா, அங்கே வைத்தால் அவள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போவதற்குள் அது வினிகர்" என்றேன். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது.

எங்கே வைப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் பாம் ஷெல்டரை, அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்பும் அறையை, பலரும் நிலவறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இருட்டு, அசைவில்லை. எல்லாம் பொருத்தம், வெப்பத்தைத் தவிர. நம் ஊரின் சூடு சில மணி நேரம் தாமதமாக உள்ளே போகும், அவ்வளவுதான். அரிசி மூட்டையும் மடக்கு நாற்காலியும் அங்கேயே இருக்கட்டும்.

ஒயின் குளிர்பெட்டி வாங்கும்போது கம்ப்ரெஸர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரெஸர் இல்லாத மின்வெப்ப வகை சத்தமில்லாதது, மலிவானது. ஆனால் சுற்றியுள்ள காற்றைவிடக் குறிப்பிட்ட சில டிகிரிதான் அதனால் இறக்க முடியும். குளிர்நாட்டில் அது போதும். 31 டிகிரியில் அது நாள் முழுக்க மூச்சு வாங்கும், 14ஐ எட்டாது. '46 போத்தல் கொள்ளும்' என்று விளம்பரத்தில் போடுவது ஒடுங்கிய போர்தோ வடிவப் போத்தலுக்கான கணக்கு. ரோன், பர்கண்டி போத்தல்கள் இடுப்பு பெருத்தவை, தட்டு இழுபடாது. தேவைப்படுவதைவிட ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். பின்புறமும் பக்கத்திலும் காற்றுக்கு இடம் விடுங்கள். துணி காயப்போடும் பின்கட்டில் வைக்காதீர்கள், பிற்பகல் வெயில் நேராக அடிக்கும்.

12 டிகிரியா 14 டிகிரியா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஒரே அளவில் நிற்பதுதான் முக்கியம். பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை நான் நம்புவதில்லை, தொழில் பழக்கம். தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றில் சிறிய வெப்பமானியைப் போட்டு, மேல்தட்டில் ஒரு நாள், கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். காற்றின் வெப்பம் கதவைத் திறந்ததும் ஏறும். ஒயினின் வெப்பத்தைக் காட்டுவது அந்தத் தண்ணீர்தான். மேலும் கீழும் இரண்டு மூன்று டிகிரி வேறுபட்டால், நீண்ட நாள் கிடக்க வேண்டியவற்றைக் குளிர்ந்த தட்டுக்கு மாற்றுங்கள். தக்கை காயாமலிருக்கப் போத்தல் படுத்தே இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு. சென்னைக்கு மூன்று வாரம் போகிறீர்கள் என்றால் மின்சாரம் இருக்கிறதா என்று எட்டிப்பார்க்க ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். என் கணவர் ஒயின் தொடுவதில்லை. மின்கட்டணம் கட்டுவது மட்டும் அவர். ஆகவே பெட்டியின் உடல்நலத்தில் என்னைவிட அவருக்கு அக்கறை.

இருபத்துநான்கு போத்தலுக்கு மேல் போனால் ஒயின் கிடங்கில் மாத வாடகைக்கு வைப்பது மேல். அங்கே கேட்க வேண்டியவை: ஆறு மாத வெப்பநிலைப் பதிவு, மாற்று மின்னாக்கி, காப்புறுதி. தீர்வை கட்டாத நிலையில் வைக்கும் உரிமம் பெற்ற கிடங்கானால், வெளியே எடுக்கும் நாளில்தான் தீர்வையும் வரியும் கட்ட வேண்டும். பதிவைக் காட்டத் தயங்கும் கிடங்கில் நான் ஐஸ்கிரீம்கூட வைக்க மாட்டேன்.

திறக்கும்போது

பழைய போத்தலை இரண்டு நாள் முன்பே எடுத்து நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடிக்கு இறங்கட்டும். முதிர்ந்த தக்கை உதிரும். திருகாணியை நடுவில் இறக்கி, அவசரமில்லாமல் இழுங்கள். போத்தலின் கழுத்துக்குக் கீழே கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே சாய்வாகக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். இருபது வயது ஒயினை ஊற்றிய கையோடு குடித்துவிட வேண்டும், காற்று அதைக் களைப்பாக்கிவிடும். எட்டு வயதுப் போயாக்கை ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க விடலாம்.

சாப்பாட்டுக்கு மீன்தலைக் கறி வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் கூட்டும். மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை நிற்கும். தேக்கா சந்தையில் எலும்போடு ஆட்டுத் தொடை வாங்கி, மிளகாயைக் குறைத்து, நெய்யில் வெங்காயம் சிவக்க வதக்கி, பெருஞ்சீரகமும் கொஞ்சம் மிளகும் சேர்த்து மெதுவாக வேகவிடுங்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும்.

ஆறு போத்தல் வாங்கியிருந்தால் முதலாவதை எட்டாம் ஆண்டில் திறங்கள். ஈறு இன்னும் இறுகி, பழம் பின்னால் ஒளிந்திருந்தால் மற்ற ஐந்தையும் மூன்று ஆண்டு தொடாதீர்கள். தோல், புகையிலை மணம் வந்து, பழமும் நின்றால் ஆண்டுக்கு ஒன்றாகக் குடிக்கத் தொடங்குங்கள். பழம் இறங்கத் தொடங்கிய அடையாளம் தெரிந்தால் எதற்கும் காத்திருக்காமல் அடுத்த தீபாவளிக்குள் மீதத்தை முடித்துவிடுங்கள்.